முகத்தையும் படம் எடுங்கள்: ஒன்றுபோல் தெரியும் சின்ன ஈக்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுதல்

எங்கள் பெரியப்பாவின் மாந்தோப்பு குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில் இருக்கிறது. பங்கனப்பள்ளி முடிந்து, பெங்களூராவும் லாரி ஏறிப் போய், நீலம் மட்டும் மரத்தில் மிச்சம் இருக்கிற ஆனிக் கடைசியில் அங்கே போனால் மரத்தடி முழுக்கப் பழம் கொட்டிக் கிடக்கும். எடுத்துப் பிளந்தால் உள்ளே புழு நெளியும். ஒரு வருடம் அப்படி விழுந்த ஒரே ஒரு பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மணல் போட்ட டப்பாவில் வைத்தேன். இரண்டு வாரத்தில் ஒன்பது ஈக்கள் வெளியே வந்தன. பெரியப்பா பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே ஈதானேடா, இதுல இன்னாத்த பாக்குற?" என்றார். லென்ஸை அவர் கையில் கொடுத்து இரண்டு ஈக்களின் முகத்தை மட்டும் காட்டினேன். ஒன்றின் முகத்தில் மைப் பொட்டு வைத்ததுபோல் இரண்டு கருப்புப் புள்ளிகள். இன்னொன்றில் புள்ளி இல்லை, குறுக்கே இழுத்த ஒரு கருப்புக் கோடு. அவர் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒரே மரம், ஒரே பழம், ஏழு ஈ ஓர் இனம், இரண்டு ஈ வேறு இனம்.

இந்தக் கட்டுரை அந்தப் புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வது பற்றியது. பழ ஈக்களையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேலூர் மாவட்டத்தில் மா, கொய்யா, பாகல், புடலை இருக்கிற எந்த ஊரிலும் இவை கிடைக்கும். உடம்பில் தெளிவான அடையாளங்கள் இருப்பதால் புதியவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

தேவையான சாமான் அதிகம் இல்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. செல்போனில் மாட்டுகிற மேக்ரோ கிளிப் லென்ஸ் ஒன்று. மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பிகள், மெல்லிய தூரிகை, மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள், பென்சில். இவ்வளவு போதும்.

முதலில் தொழுவத்தில் கண்ணைப் பழக்குங்கள்

பழ ஈக்குப் போகும் முன் ஒரு நாள் காலை ஏதாவது மாட்டுத் தொழுவத்தில் உட்காருங்கள். வந்து உட்காருவது ஈதானா என்று உறுதி செய்துகொள்வது முதல் வேலை. தேனீக்கும் குளவிக்கும் நான்கு இறக்கைகள், ஈக்கு இரண்டே இரண்டு. பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல ஒரு ஜோடிக் குமிழ் மட்டும் இருக்கும். பறக்கும்போது உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்வது அந்தக் குமிழ்கள்தான். மஞ்சள் கருப்புப் பட்டை போட்டுக்கொண்டு தேனீ மாதிரியே வரும் பூ ஈக்களிடம் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உணர்கொம்பைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். தேனீக்கு நீளமாக, முழங்கை போல மடிந்திருக்கும். இந்த ஈக்களுக்குக் குட்டையாக, முகத்தோடு ஒட்டினாற்போல இருக்கும்.

அப்புறம் முதுகில் கோடு எண்ணுங்கள். வீட்டு ஈயின் சாம்பல் முதுகில் நான்கு கருங்கோடுகள். கடைத்தெருவில் மனிதர் முகத்தைச் சுற்றுகிற அதன் உறவுக்கார ஈக்கு இரண்டு அகலக் கோடுகள். மூன்று கோடும், வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்களும் தெரிந்தால் அது சதை ஈக் குடும்பம். சரி, நான்கு கோடு தெரிந்துவிட்டது, வீட்டு ஈ என்று எழுதிவிடலாமா? மாட்டின் காலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கிற கடி ஈக்கும் முதுகில் நான்கு கோடுதான். அதை வேறாக்குவது வாய். தலைக்கு முன்னால் ஊசி போல நீட்டிக்கொண்டு நிற்கும். வீட்டு ஈயின் வாய் ஒற்றி எடுக்கிற பஞ்சு மாதிரி கீழே மடங்கியிருக்கும்.

ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதை அந்தத் தொழுவத்திலேயே கற்றுக்கொண்டால் பின்னால் வரும் எல்லாம் சுலபம்.

பழத்திலிருந்தே வளர்த்து எடுங்கள்

தோப்பில் வலை வீசிப் பிடிக்கலாம், பொறி வைத்தும் பிடிக்கலாம். மாந்தோப்புகளில் தொங்கவிடுகிற, மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறியில் ஆண் ஈக்கள் மட்டும் வந்து விழும். பாகல், பீர்க்கைப் பந்தல்களில் வைக்கிற, க்யூலூர் என்ற வேறொரு வாசனைப் பொருள் உள்ள பொறியும் ஆண்களைத்தான் இழுக்கும், ஆனால் அங்கே வருவது வேறு கூட்டம். துளசியிலும் மெத்தில் யூஜினால் இருக்கிறது. துளசி இலையைக் கசக்கித் தோப்பில் வைத்தால் சற்று நேரத்தில் ஆண் ஈக்கள் வந்து உட்காருவதை நீங்களே பார்க்கலாம். எந்தப் பொறியில் விழுந்தது என்பதே ஒரு தகவல், அதைக் கட்டாயம் குறித்து வையுங்கள். தண்ணீர் நிற்கிற பொறியில் நாள்கணக்கில் ஊறிய ஈயில் முடி உதிர்ந்து நிறம் கரைந்து போயிருக்கும். உலர்ந்த பொறியாக வைத்து, தினமும் காலையில் எடுத்துவிடுவது நல்லது.

ஆனால் என் மனதுக்குப் பிடித்த வழி பழத்திலிருந்து வளர்ப்பதுதான். ஆணும் பெண்ணும் கிடைக்கும், இன்ன பழத்துக்குள் வளர்ந்தது என்றும் உறுதியாகச் சொல்லலாம். பாகல் இலைமேல் ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக அது பாகலைத் தின்று வளர்ந்தது என்று சொல்ல முடியாது. பூசணிப் பந்தலுக்கு வருகிற ஈ பகலில் பெரும்பாலும் பக்கத்து மக்காச்சோளத்தில்தான் இளைப்பாறும்.

வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் சலித்த உலர்ந்த மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் போடுங்கள். பாலாற்று மணலைச் சலித்து வெயிலில் காயவைத்தால் நன்றாக இருக்கும். மணலுக்கு மேல் கம்பி வலை, அதன்மேல் பழம். வலை இல்லாவிட்டால் பழச்சாறு இறங்கி மணல் சேறாகி, கூட்டுப்புழு அழுகிவிடும். வாயைப் பழைய வேட்டித் துணியால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். எறும்பு ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் தூக்கிப் போய்விடும், எனக்கு நடந்திருக்கிறது.

இரண்டு மூன்று நாளில் டப்பாவுக்குள்ளிருந்து சட்சட்டென்று சத்தம் வரும். முற்றிய புழு உடம்பை வளைத்து, வாயால் வாலைப் பிடித்து, விட்டதும் சுண்டிவிட்ட மாதிரித் துள்ளும். ஒரு சாண் உயரம்கூட எழும்பும். துணியில் மோதுகிற சத்தம்தான் அது. பழத்தை விட்டு மணலுக்குள் போனதும் உடம்பு சுருங்கி, தோல் இறுகி, பழுப்பு நெல்மணி போல ஆகிவிடும். நம் ஊர் வெயிலில் எட்டு முதல் பத்து நாளில் ஈ வெளிவரும். வெளிவருகிற நேரத்தில் பக்கத்தில் இருந்தால் லென்ஸில் பாருங்கள். நெற்றியிலிருந்து ஒரு வெள்ளைப் பை பலூன் போல ஊதி ஊதி அடங்கும். அந்தப் பையை வைத்துத்தான் ஓட்டின் மூடியை முட்டித் திறக்கிறது, மணலையும் விலக்குகிறது. வெளியே வந்த பிறகு பை உள்ளே போய்விடும், உணர்கொம்புக்கு மேலே ஒரு வளைந்த தையல் மட்டும் மிஞ்சும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முதல் வருடம் நான் ஈக்கள் வெளிவந்த அன்றைக்கே எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். எல்லாம் வெளிறிய செம்பழுப்பாக இருந்தன. செம்பழுப்பு முதுகு உள்ள இனம் ஒன்று இருக்கிறது என்று படித்திருந்ததால் பெட்டி முழுக்க அந்தப் பெயரை எழுதி வைத்தேன். அடுத்த வருடம் அதே மரத்துப் பழத்தில் வந்தவற்றை உயிரோடு விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. மூன்று நாளில் முதுகு கறுத்தது, மஞ்சள் கோடு பளிச்சென்று வந்தது, வயிற்றில் கருப்பு அடையாளம் தெளிந்தது. முந்தைய வருடம் எழுதிய சீட்டு அத்தனையும் தப்பு. சர்க்கரைத் துண்டும் ஈரப் பஞ்சும் வைத்து மூன்று நான்கு நாள் உயிரோடு வைத்திருங்கள். நிறம் முற்றிய பிறகு எடுங்கள்.

படம் எடுப்பது

பெரும்பாலானவர்கள் ஈயை மேலிருந்து ஒரு படம் எடுத்து, அழகாக வந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். இனம் காண அது போதாது. ஐந்து படம் வேண்டும்: நேர் மேலிருந்து முதுகு, பக்கவாட்டில் முழு உடம்பு, நேருக்கு நேர் முகம், விரித்த இறக்கை, கால்கள் தெரிகிறாற்போல் ஒன்று. இவற்றில் விட்டுப்போவது எப்போதும் முகம்தான். நிறைய ஈக்களில் தீர்ப்புச் சொல்லுவதும் அந்த முகம்தான்.

உயிரோடு இருக்கிற ஈயை இப்படி ஐந்து பக்கமும் எடுக்க முடியுமா? குப்பியோடு ஃப்ரிட்ஜில் ஐந்து எட்டு நிமிடம் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். எடுத்ததும் வெள்ளைத் தாளில் மெதுவாகக் கவிழ்த்தால் ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் இருக்கும். அதற்குள் தூரிகையால் திருப்பித் திருப்பி எடுத்துவிடலாம். பிறகு எழுந்து பறந்துவிடும். தாளின் ஓரத்தில் கிராஃப் கட்டம் தெரியும்படி வையுங்கள். அது இல்லாத படத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஈயும் எட்டு மில்லிமீட்டர் ஈயும் ஒன்றுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் நடுப்பகல் வெயிலில் எடுத்தால் முதுகு பளபளத்து மஞ்சள் கோடு வெள்ளையாகத் தெரியும். ஃப்ளாஷ் போட்டாலும் அதே கதை. காலை ஒன்பது மணிக்கு முன்னால், ஜன்னல் ஓரத்தில், இடையில் டிரேசிங் பேப்பர் ஒன்றைப் பிடித்து எடுங்கள். இறக்கையின் பட்டை வெள்ளைத் தாளின்மேல்தான் தெளிவாகத் தெரியும். இலையின்மேல் வைத்து எடுத்தால் பட்டை எது, நரம்பின் நிழல் எது என்று தெரியாது.

பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

இனிப் பெயருக்கு வருவோம். ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் பாருங்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது என்று தோன்றினாலும் வரிசையை விடாதீர்கள்.

முதலில் வயிறு. பக்கவாட்டில் பார்த்தால் மேல்தட்டுகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தனித்தனியாகத் தெரிகின்றனவா, அல்லது குடம் மாதிரி ஒரே ஓடாக ஒட்டிப்போயிருக்கிறதா? ஒட்டியிருந்தால் அது டாகஸ் பேரினம். குளவி போன்ற இடுப்போடு, சுரை, வெள்ளரிக் கொடிகளில் கிடைக்கிற டாகஸ் சிலியேட்டஸ் இந்தக் கூட்டம். அதன் முதுகில் மஞ்சள் கோடும் கிடையாது.

தனித்தனியாக இருந்தால் இரண்டாவது இடம் முதுகு. மஞ்சள் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என்று மூன்று கோடு இருந்தால் ஸூகோடாகஸ் பேரினம். பாகல், புடலை, பீர்க்கையில் கை வைப்பவை இவை. நடுக்கோடு இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மட்டும் இருந்தால் பாக்ட்ரோசெரா என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள். மாவிலும் கொய்யாவிலும் நம் ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான்.

மூன்றாவது இறக்கை. முன்விளிம்பு ஓரமாகக் கரும்பழுப்புப் பட்டை ஒன்று ஓடும். அது அறுபடாமல் இறக்கை நுனி வரை போகிறதா, அல்லது பாதியில் நின்று, நுனியில் மட்டும் ஒரு திட்டு இருக்கிறதா? மூன்று கோடு போட்ட கூட்டத்தில் இன்னொன்றும் பாருங்கள். இறக்கையின் பின்பாதியில் இரண்டு நீள நரம்புகளை இணைக்கிற குறுக்கு நரம்பின்மேல் புகை படிந்தது போலக் கறை இருந்தால் ஸூகோடாகஸ் குகுர்பிட்டே, அதாவது பாகல் பந்தலின் வழக்கமான எதிரி. பட்டை இருந்தும் அந்தக் கறை இல்லாவிட்டால் ஸூகோடாகஸ் டாவ் ஆக இருக்கலாம்.

நான்காவது முகம். கண்களுக்கு இடையே, உணர்கொம்புக்குக் கீழே பாருங்கள். தனித்தனியாக இரண்டு கருப்புப் புள்ளிகளா, குறுக்குக் கோடா?

ஐந்தாவது கால். தொடை முழுக்க மஞ்சளா, கருப்புத் திட்டு இருக்கிறதா?

இப்போது சேர்த்துப் பாருங்கள். பட்டை அறுபடாமல் நுனி வரை ஓடி, முகத்தில் இரண்டு புள்ளி, தொடை மஞ்சள், வயிற்றில் ஆங்கில T எழுத்துப் போலக் கருப்பு அடையாளம் என்றால் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். மாம்பழத்தில் மிக அதிகமாகக் கிடைப்பது இதுதான். பட்டை நடுவில் நின்று நுனியில் திட்டு மட்டும் இருந்தால் இரண்டு பேர் உண்டு. முகத்தில் குறுக்குக் கோடு என்றால் பாக்ட்ரோசெரா கரெக்டா. தனித்தனிப் புள்ளிகள் என்றால் பாக்ட்ரோசெரா சொனாட்டா. சொனாட்டாவின் முதுகு செம்பழுப்பு, கரெக்டாவின் முதுகு பெரும்பாலும் கருப்பு. ஆனால் முதுகு நிறத்தைக் கடைசியில்தான் கேளுங்கள். முதல் வருடம் என்னைத் தப்பாக எழுத வைத்தது அந்த நிறம்தான். என் டப்பாவில் கோடு போட்ட முகத்தோடு வந்த இரண்டும் கரெக்டா. மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் பார்த்திருந்தால் ஒன்பதையும் டார்சாலிஸ் என்றே எழுதியிருப்பேன்.

தென்னிந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பாக்ட்ரோசெரா காரியே என்று ஓர் இனம் இங்கே உண்டு. மா, கொய்யா இரண்டிலும் வரும், மெத்தில் யூஜினால் பொறிக்கும் வரும். பட்டை, முகப் புள்ளி எல்லாம் டார்சாலிஸ் மாதிரியே இருக்கும். அதன் தொடைகளில் கருப்புத் திட்டு இருக்கும், முதுகின் மஞ்சள் கோடும் குறுகியிருக்கும். வெளிநாட்டில் எழுதிய படக் கையேட்டை மட்டும் வைத்துப் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். கால் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். செல்போன் செயலிகளும் இதே இடத்தில் தடுக்கி விழுகின்றன. மஞ்சள் கோடு போட்ட எல்லா ஈக்கும் டார்சாலிஸ் என்று பெயர் சொல்லிவிடும். அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு ஐந்து இடங்களையும் நீங்களே பாருங்கள்.

டார்சாலிஸின் நிறம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 2003-ல் கென்யாவில் புதிதாக ஒரு பழ ஈ தென்பட்டது. முதுகு சிலவற்றில் கருப்பு, சிலவற்றில் செம்பழுப்பு. இலங்கையிலும் அதே ஈ இருப்பது தெரிந்து, 2005-ல் பாக்ட்ரோசெரா இன்வாடென்ஸ் என்று தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். பிறகு உடலமைப்பு, மரபணு, ஒன்றோடொன்று சேர்ந்து இனம் பெருக்குகிறதா என்பதையெல்லாம் பார்த்து, அது டார்சாலிஸேதான் என்று 2015-ல் சேர்த்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஈக்களைப் பார்த்தவர்களுக்கே பத்து வருடம் ஆகியிருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் தயங்கினால் அது தப்பில்லை.

வாழைப்பழத்துச் சின்ன ஈ

வீட்டில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுகிற, சிவந்த கண்ணுள்ள, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஈயையும் பழ ஈ என்றுதான் சொல்கிறோம். அது வேறு குடும்பம், டிரோசோபிலிடே. மாந்தோப்பு ஈ நல்ல காயில் ஊசி போட்டு முட்டை வைக்கும். இது பெரும்பாலும் ஏற்கெனவே புளித்துப்போன பழத்துக்குத்தான் வரும். தோப்பில் அழுகிய பழத்தில் இது மொய்ப்பதைப் பார்த்து இதுதான் பழத்தைக் கெடுத்தது என்று முடிவு செய்யாதீர்கள், இது பின்னால் வந்தது.

இந்தக் கூட்டத்தில் படத்திலேயே பெயர் சொல்லக்கூடிய ஒன்று உண்டு, சப்ரியோனஸ் இண்டியானஸ். தலையிலிருந்து முதுகு வரை கருப்புக் கரை போட்ட வெள்ளிக் கோடுகள் ஓடும். பார்த்தால் மறக்காது. நேர்மாறான உதாரணமும் இங்கேயே இருக்கிறது. டிரோசோபிலா மெலனோகாஸ்டர் 1830-லேயே பெயர் பெற்றது. அதோடு சிமுலன்ஸ் என்று வேறோர் இனம் கலந்திருக்கிறது என்று 1919-ல்தான் பிரித்துச் சொன்னார்கள். ஆண்களின் பின்முனை உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு தெரியும். பெண்களைப் பார்வையால் பிரிப்பது மிகவும் கடினம். இப்படிப்பட்டதைப் படத்தில் பார்த்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொழுவத்துச் சதை ஈக்களும் அப்படித்தான், ஆணின் உறுப்பைப் பிரித்துப் பார்க்காமல் இனம் சொல்ல முடியாது. "டிரோசோபிலா, இனம் பிரிக்கவில்லை" என்று எழுதிய சீட்டு நாளைக்கு ஒருவருக்குப் பயன்படும். ஊகித்து எழுதிய பெயர் அவரைத் தவறான வழியில் கொண்டுபோகும்.

மாதிரியைக் காப்பதும் சீட்டும்

படம் எடுத்து முடித்ததும் ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். குப்பியோடு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். பிறகு இரண்டு வழி. ஒன்று, உலர் மாதிரி: கெட்டி அட்டையில் சின்ன முக்கோணம் வெட்டி, கூர்முனையில் ஒரு துளி பசை வைத்து, ஈயின் வலப்பக்க மார்பை அதில் ஒட்டி, அட்டையின் அகன்ற பக்கத்தில் ஊசி குத்துங்கள். முதுகும் முகமும் இடப்பக்கமும் பார்க்கும்படி இருக்க வேண்டும். இன்னொன்று, ஆல்கஹால். சாதாரணமாக வைக்க 70 சதவீதம், மரபணுச் சோதனைக்கு என்றால் 95 சதவீதம். ஆல்கஹாலில் மஞ்சள் நிறம் நாளாக ஆக வெளிறும், உலர் மாதிரியிலும் மங்கிப் பழுப்பாகும். அதனால்தான் படத்தை முன்னால் எடுக்கச் சொன்னேன். படமும் மாதிரியும் ஒரே எண்ணோடு இருக்கட்டும். ஐப்பசி மழையில் பெட்டிக்குள் பூஞ்சை ஏறும், உலர்ந்த சிலிக்கா ஜெல் பொட்டலமும் அந்துருண்டையும் போட்டு மூடி இறுக்கமாக வையுங்கள்.

ஊசியில் குத்துகிற சீட்டு ஈயைவிட முக்கியம். என் பெட்டியில் ஒன்று இப்படி இருக்கிறது: "தமிழ்நாடு, வேலூர் மாவட்டம், குடியாத்தம் அருகே, 12.95 வடக்கு, 78.87 கிழக்கு. நீலம் மாம்பழம், தரையில் விழுந்தது. பழம் எடுத்தது 28.6.2023. ஈ வெளிவந்தது 11.7.2023. உறையவைத்தது 15.7.2023." அதற்குக் கீழே எடுத்தவர் பெயர். இனப் பெயரைத் தனிச் சீட்டில் எழுதுங்கள், யார் எந்த வருடம் இனம் கண்டது என்பதோடு. பெயர் மாறலாம், இடமும் தேதியும் மாறாது. பென்சிலில் எழுதினால் ஆல்கஹாலில் கரையாது, பால்பாயின்ட் பேனா கரைந்துவிடும்.

ஊர்ப் பெயரோடு அட்சரேகை, தீர்க்கரேகையும் ஏன் என்று கேட்கலாம். பழைய பூச்சிப் பெட்டியில் "வட ஆற்காடு" என்று மட்டும் எழுதிய சீட்டு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். 1911-க்கு முந்தியது என்றால் அது சித்தூராகவும் இருக்கலாம். 1989-க்கு முந்தியது என்றால் வந்தவாசியோ திருவண்ணாமலையோகூட இருக்கலாம். 2019-ல் வேலூர் மாவட்டமே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. அந்த ஈ சமவெளி மாந்தோப்பில் பிடித்ததா, ஜவ்வாது மலையில் பிடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் பூச்சி எடுக்கக்கூடாது. ஆரம்பத்துக்குத் தோப்பும் தோட்டமும் போதும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், விழுந்த பழம்தானே என்று அவர்களே கூடை நிறையக் கொடுப்பார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: இது எந்த ஈ, என்ன பொறி வைப்பது? மாமரத்தில் இருப்பது டார்சாலிஸா கரெக்டாவா என்றால் பொறி ஒன்றே. பந்தலில் இருப்பது ஸூகோடாகஸ் என்றால் மெத்தில் யூஜினால் வைத்து ஒரு பயனும் இல்லை, க்யூலூர் வேண்டும். முதுகின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொன்னால் அவருக்கு ஒரு பருவத்துச் செலவு மிஞ்சும்.

ஐந்து இடமும் பார்த்தும் தீராத ஈயை விரிஞ்சிபுரத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போகலாம். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையத்திலும் பூச்சி இனம் கண்டு சொல்கிறார்கள். தபாலில் அனுப்புவதானால் ஊசி குத்திய பெட்டியை அதைவிடப் பெரிய பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் பஞ்சோ தெர்மோகோலோ அடைத்து அனுப்புங்கள். ஐந்து படங்களையும் கூடவே வையுங்கள். ஓர் இனத்துக்கு ஒரு ஈ மட்டும் அனுப்பாதீர்கள், ஆணும் பெண்ணுமாக நான்கைந்து வேண்டும். வயிற்று முனை ஊசி போல நீண்டிருந்தால் பெண், மழுங்கியிருந்தால் ஆண். உங்கள் பெட்டியிலும் அதே தொகுதியில் சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் உங்களிடம் இருப்பதை எடுத்து, அவர்கள் சொன்ன அடையாளத்தை லென்ஸில் தேடிக் கண்டுபிடித்த பிறகே சீட்டில் பெயரை எழுதுங்கள்.